ரத்தக்குழாய் அடைப்பில் வெள்ளையணுவுக்கு என்ன வேலை? ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். விடியக்காலம் கரை திரும்பிய படகுக்காரர்கள், பாசி எடுக்கப் போகும் அக்காமார், துபாயில் இருந்து விடுப்பில் வந்த கீழக்கரைப் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. ரத்தம் எடுக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. ரிப்போர்ட் கைக்குப் போன பிறகுதான் கேள்வி வரும். அதிலும் வீட்டில் யாருக்காவது ஆஞ்சியோ எடுத்திருந்தால் கேள்வி ஓயாது. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

கொழுப்புதானே குழாயை அடைக்கிறது? இதில் வெள்ளையணு எங்கே வந்தது?

பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்வதைப் போலத்தான் எல்லாரும் நினைக்கிறோம். படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தமனி பிளாஸ்டிக் குழாய் இல்லை. அதன் சுவருக்கு உயிர் இருக்கிறது. கொழுப்பு அந்தச் சுவரின் மேல் பூசிக்கொள்வதில்லை, சுவருக்கு உள்ளே போய்ச் சேர்கிறது. அப்படிச் சேர்ந்த இடம் திட்டாகத் தடிக்கும். அந்தத் திட்டை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்போடு சேர்த்து வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். உயிரோடு இருப்பவை, கொழுப்பைத் தின்று வீங்கியவை, செத்துக் கரைந்தவை, இவற்றைச் சுற்றி நார், பழைய திட்டு என்றால் சுண்ணாம்பும் கூட. 1904இல் ஃபெலிக்ஸ் மார்ச்சாண்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோய்க்கு வைத்த பெயர் ‘அதிரோஸ்கிளிரோசிஸ்’. அதில் ‘அதிரோ’ என்பது கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. அதற்குப் பொருள் கூழ். ‘ஸ்கிளிரோசிஸ்’ என்றால் இறுகிப்போவது. திட்டின் நடுவே கூழ், மேலே இறுகிய தோல். பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன.

கடற்கரைக்காரருக்கு இதை விளங்கவைக்க எனக்குத் தெரிந்த வழி கெளுத்தி முள். வலை பிரிக்கும்போது கையில் ஏறினால் என்ன ஆகிறது? சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். முள் நுனி உள்ளேயே முறிந்துபோனால் சீழ் கட்டும். சீழ் என்பது பெரும்பாலும் செத்த வெள்ளையணுக்கள்தான். முள்ளை எடுத்தால் நாலு நாளில் ஆறிவிடும். தமனிச் சுவரிலும் அதே அழற்சிதான் நடக்கிறது. இங்கே முள் கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல். ஒரு வித்தியாசம், இந்த முள் தினமும் புதிதாக ஏறிக்கொண்டே இருக்கிறது. அதனால் புண் ஆறுவதே இல்லை.

முள் கதை நானாகக் கட்டியதும் இல்லை. 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. விழுங்கும் செல்கள்தான் உடலின் காவல் என்று அவர் சொன்னது அதிலிருந்துதான். 1908இல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கம் வலையில் ஏறும் நட்சத்திர மீனை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சரி, அது எப்படி ஆரம்பித்து எப்படி முடிகிறது?

தமனியின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. பீடி, சிகரெட், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை அதை நோகடிக்கும். எல்.டி.எல். துகள் மிகச் சிறியது, சுமார் 22 நானோமீட்டர். ரத்தத்தில் அது அதிகமாக ஓடினால் படலத்தைத் தாண்டி உள்ளே போவதும் அதிகமாகும். போனது அங்குள்ள நார்களில் மாட்டிக்கொண்டு ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போகிறது. பழைய கருவாடு மஞ்சளாகிக் காறல் வாடை அடிக்குமே, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த வாடைதான் அது. தமனிச் சுவருக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதே வேதியியல்.

உள்ளே காறல் ஏறியதும் மேலிருக்கும் படலம் தன் பரப்பில் ஒட்டும் மூலக்கூறுகளை நீட்டுகிறது. ரத்தத்தோடு உருண்டு போய்க்கொண்டிருக்கும் மோனோசைட் என்ற வெள்ளையணு அதில் ஒட்டி நிற்கிறது, செல்களின் இடுக்கில் நுழைந்து உள்ளே போகிறது. போனதும் உருமாறி மேக்ரோபேஜ் ஆகிறது. தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள். பெயருக்கேற்ப விழுங்க ஆரம்பிக்கிறது.

கோளாறு இங்கேதான். சாதாரணமாக ஒரு செல் எல்.டி.எல்.லை வாங்கும் வாசலுக்குக் கணக்கு உண்டு. உள்ளே கொழுப்பு போதும் என்றானதும் செல் அந்த வாசல்களைக் குறைத்துக்கொள்ளும். பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் கண்டுபிடித்த அந்த வாசலுக்குத்தான் 1985இல் நோபல். ஆனால் கெட்டுப்போன எல்.டி.எல்.லை மேக்ரோபேஜ் வேறு வாசல்கள் வழியாக எடுக்கிறது. குப்பை அள்ளுவதற்கென்றே உள்ள அந்த வாசல்களுக்குப் ‘போதும்’ என்ற கட்டுப்பாடு கிடையாது. தின்று தின்று உள்ளே கொழுப்புத் துளிகள் நிறைந்து, நுண்ணோக்கியில் சோப்பு நுரை மாதிரித் தெரியும். அதனால் அதற்கு நுரைச் செல் என்று பெயர். நுரைச் செல்கள் கூடினால் தமனியின் உட்புறத்தில் மஞ்சள் கோடு.

அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக ஆள் சேருகிறது. மேக்ரோபேஜ் வேதிச் செய்தி அனுப்பி இன்னும் மோனோசைட்டுகளைக் கூப்பிடுகிறது, அங்கேயே பிரிந்து பெருகவும் செய்கிறது. டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களும் வருகின்றன. அவற்றில் ஒரு வகை சண்டையைத் தூண்டும். ஒழுங்குபடுத்தும் டி செல் என்ற இன்னொரு வகை ‘விடுங்கப்பா’ என்று அமர்த்தும். திட்டு வளரும் இடத்தில் பெரும்பாலும் தூண்டுகிறவர்கள் கைதான் ஓங்கியிருக்கும். தமனிச் சுவரின் தசைச் செல்கள் மேலே ஏறிவந்து நார் நெய்து ஒரு மூடி போடுகின்றன. அந்த மூடி நமக்கு நல்லது.

நுரைச் செல்கள் ஒருநாள் சாகும். செத்ததை அக்கம்பக்கத்து மேக்ரோபேஜ்கள் எடுத்துப் போட வேண்டும். அவையும் கொழுப்பில் மூழ்கிக் கிடப்பதால் அந்த வேலை நடப்பதில்லை. பிணங்கள் குவிந்து கரைந்து நடுவில் கூழ் ஆகிறது. அந்தக் கூழில் கொலஸ்டிரால் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். படிகத்தை விழுங்கிய மேக்ரோபேஜுக்குள் ஓர் அபாய மணி அடித்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருள் வெளியே கொட்டுகிறது. இது 2010இல் தெரியவந்தது. கடைசியில் மேக்ரோபேஜ் சுரக்கும் நொதிகள் மேலேயிருக்கும் மூடியின் நாரையே அரிக்கின்றன. மூடி கிழிந்தால் கூழ் ரத்தத்தைத் தொடும், தொட்ட இடத்தில் ரத்தம் உறையும். மாரடைப்புகளில் பெரும்பாலானவை இப்படி வருகின்றன.

ரிப்போர்ட்டில் மோனோசைட் 9 சதவீதம் என்று இருக்கிறது. எனக்கு அடைப்பு வரப்போகிறதா?

வராது என்றும் சொல்ல முடியாது, வரும் என்றும் சொல்ல முடியாது. அந்த எண்ணை வைத்து இதயத்தைப் பற்றி எதுவும் பேச முடியாது. பொதுவாக 2 முதல் 8 வரை எழுதியிருப்பார்கள்; சளி பிடித்து ஆறும் நேரத்தில் 10 கூட வரும், பிறகு இறங்கிவிடும்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய் விட்டுப் பெரிய லென்ஸில் பார்ப்போம். சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பு வட்டங்களாகப் பரவிக் கிடக்கும். நடுவே அவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக, மழைக்கால வானம் மாதிரி சாம்பல் நீலத்தில், சிறுநீரகம் போலக் குழிந்த ஊதா உட்கருவோடு ஒன்று இருக்கும். அதுதான் மோனோசைட். 19 வருஷத்தில் லட்சக்கணக்கில் எண்ணியிருப்பேன். எது தமனிச் சுவருக்குள் நுழையப் போகிறது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிக அதிகமாக இருப்பவரின் ரத்தத்தைச் சுற்றிப் பிரித்தால் மேலே நிற்கும் சீரம் தெளிந்த மஞ்சளாக இல்லாமல் தேங்காய்ப்பால் மாதிரி நிற்கும். அளவு 400ஐத் தாண்டினால் எல்.டி.எல்.லைக் கணக்குப்போட்டுச் சொல்லும் சூத்திரமே பொருந்தாது, நேரடியாக அளக்க வேண்டும். அந்தக் குழாயைத் தூக்கிக் காட்டினால் மனுஷர் அப்போதுதான் பயப்படுகிறார். ரிப்போர்ட்டில் உள்ள எண் அப்படிப் பயமுறுத்துவதில்லை.

உடம்பு முழுக்க ஒரே ரத்தம். ஏன் சில இடத்தில் மட்டும் அடைக்கிறது?

பாம்பன் கால்வாயில் இழுப்பு நேராகப் போகும் இடத்தில் மணல் நிற்காது. வளைவிலும் சுழியிலும்தான் மேடு கட்டும். தமனியிலும் நேரான பகுதியில் ரத்தம் ஒரே சீராக உரசிப் போகும்போது படலத்துச் செல்கள் ஆரோக்கியமாக இருக்கும். கிளை பிரியும் இடத்தில் ஓட்டம் தடுமாறும், உரசல் குறையும். அங்குள்ள செல்கள் எளிதில் ஒட்டுப்பொருளை நீட்டி வெள்ளையணுவைக் கூப்பிட்டுவிடும். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடம், இதயத்தின் இடது தமனிக் கிளைகளின் தொடக்கம் ஆகியவை இதற்குப் பேர்போனவை. மணல் தானாகப் படிகிறது, இங்கே சுவரே கூப்பிடுகிறது. உவமை அதோடு சரி.

இது வயதானவர்கள் நோய்தானே?

1953இல் ஒரு அறிக்கை வந்தது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயத்தை அறுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கும் மேல், 77 சதவீதம், தமனியில் இந்த நோயின் அடையாளம் இருந்தது. மாரடைப்பு ஐம்பதில் வரலாம், நுரைச் செல் இருபதிலேயே வந்துவிடுகிறது.

80 சதவீத அடைப்போடு ஒருவர் நடமாடுகிறார். 40 சதவீதம் என்று சொல்லி அனுப்பிய என் மச்சான் இறந்துவிட்டார். எப்படி?

தங்கச்சிமடத்தில் இருந்து வந்த ஒரு அக்கா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது.

ஆஞ்சியோ காட்டுவது குழாயின் வழி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைத்தான். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அது காட்டாது. திட்டு முதலில் வெளிப்பக்கமாகத்தான் வீங்கும். வழி குறுகுவது பிற்பாடு. பழைய, நார் கட்டிய, சுண்ணாம்பு ஏறிய 80 சதவீதத் திட்டு நடக்கும்போது நெஞ்சை இறுக்கலாம், ஆனால் அதன் மூடி கனமானது. 40 சதவீதத் திட்டுக்குள் கூழ் நிறைய இருந்து, மேக்ரோபேஜ்கள் மொய்த்து, மூடி மெலிந்திருந்தால் அதுதான் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்தால் நிமிஷத்தில் 40 என்பது 100 ஆகிவிடும். போன மாதம் ட்ரெட்மில் பரிசோதனையில் பாஸானவர் இந்த மாதம் விழுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். இதில் யாருடைய கவனக்குறைவும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அதை அந்த அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மூடி கிழியாமலேயே மேல் படலம் உரிந்து உறைவதும் உண்டு. புகைப்பவர்களிடமும் பெண்களிடமும் அதை அதிகம் பார்க்கிறார்கள். அங்கே மேக்ரோபேஜைவிட நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் பங்கு பெரிது.

தினமும் மீன் சாப்பிடுகிறோமே, எங்களுக்கு ஏன் வருகிறது?

மீன் மேல் பழி இல்லை. சாளை, சூடை, கும்பளா மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மீனில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பில் இருந்து, அழற்சியை அடக்கி முடித்துவைக்கும் பொருள்களை உடல் செய்துகொள்கிறது. குழம்பில் போட்டுச் சாப்பிட்டால் நல்லதே. ஆனால் மீனோடு சேர்ந்து வருபவற்றையும் பாருங்கள். மூன்றாம் தடவை காய்ச்சிய எண்ணெயில் பொரிப்பது, கருவாட்டு உப்பு, படகில் கட்டுக்கட்டாகப் பீடி, டீக்கு மூன்று கரண்டி சீனி. தொதலைப் பற்றிக் கீழக்கரைக்காரர்களிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. தேங்காய்ப்பாலும் இனிப்பும் கிண்டியது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி சாப்பிட்டால் அடைப்பு கரையுமா?

கரையாது. இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி குறைவதால் வந்த பிரச்சினை எதுவும் இல்லை. ஓயாமல் வேலை செய்வதுதான் பிரச்சினை. மூட்டு வாதம், சொரியாசிஸ் மாதிரி, எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல்.

அழற்சியை ரத்தத்தில் அளக்க முடியுமா?

ஓரளவு முடியும். எச்.எஸ்.-சி.ஆர்.பி. என்று எழுதித் தருவார்கள். அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை நுணுக்கமாக அளக்கும் பரிசோதனை அது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் கூடுதல். 10க்கு மேல் போனால் பெரும்பாலும் வேறு எங்கோ தொற்றோ அழற்சியோ இருக்கிறது என்று பொருள். ஆறிய பிறகு திரும்ப எடுக்க வேண்டும். காய்ச்சல், பல் வீக்கம், கையில் மீன்முள் புண் இருக்கும் நாளில் எடுத்தால் காசு வீண். படகுக்காரர்களின் கையை முதலில் பார்த்துவிட்டுத்தான் நான் ஊசியையே எடுப்பேன்.

அப்படியென்றால் அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்தால் போதுமே?

உலகமும் அப்படித்தான் கேட்டது. 2017இல் கானகினுமாப் என்ற ஊசியை, முன்பே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்த முடிவு வெளியானது. மேலே சொன்ன இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் அது அடக்குகிறது, எல்.டி.எல்.லைத் தொடுவதே இல்லை. 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு சேர்ந்த கணக்கு 15 சதவீதம் குறைந்தது. அழற்சிக்கும் பங்கு உண்டு என்பது மனிதர்களிடம் உறுதியானது அப்போதுதான். ஆனால் ஊசி போட்டவர்களிடம் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. காவலைக் குறைத்தால் திருடன் வருவான் அல்லவா? விலையும் அதிகம், அதனால் இதயத்துக்கு அது புழக்கத்துக்கு வரவில்லை. மூட்டு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் தந்து பார்த்தார்கள்; 2019இல் வந்த முடிவில் பலன் இல்லை.

அடுத்தது நம் ஊர்க்கதை. வேலியோரம் தீ மாதிரிப் பூக்கும் செங்காந்தள், நம் மாநிலப் பூ, அதில் இருந்து எடுப்பது கோல்ச்சிசின். கௌட் எனும் மூட்டு வீக்கத்துக்கு ரொம்பக் காலமாகத் தரும் மாத்திரை அது. நியூட்ரோஃபில்களின் ஓட்டத்தையும் மேக்ரோபேஜின் அந்த அபாய மணியையும் தணிக்கும். இதயத் தமனி நோய் நாள்பட்டு இருந்த 5,522 பேரிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையில், தினம் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்தன. 2023இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. ஆனால் 2024இல், மாரடைப்பு வந்த உடனேயே தொடங்கிய இன்னொரு பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. ஆகவே யாருக்கு, எப்போது என்பதில் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து.

இதைச் சொன்னதும் ஒருவர், “எங்க கொல்லையில கண்வலிக்கிழங்கு கிடக்கு தம்பி, அவிச்சுச் சாப்பிடவா?” என்றார். சிரிப்பு வரவில்லை. கண்வலிக்கிழங்கு என்பது அதே செங்காந்தளின் கிழங்கு, கொடிய விஷம். மாத்திரையில் இருப்பது அளந்த அரை மில்லிகிராம், கிழங்கில் இருப்பது ஆளைக் கொல்லும் அளவு. தயவுசெய்து தொடாதீர்கள்.

கொலஸ்டிரால் இறங்கிவிட்டது. ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தலாமா?

மாத்திரை போட்டதால்தான் இறங்கியது. நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறும். முள் கணக்கில் சொன்னால், உள்ளே ஏறும் முள்ளின் எண்ணிக்கையைக் குறைக்கும் மருந்து இது. எல்.டி.எல். குறைந்தால் திட்டுக்குள் வரும் மோனோசைட்டும் குறையும், மூடி கனக்கும், சி.ஆர்.பி.யும் இறங்கும். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே, பலருக்கு 55க்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். லேப் தாளில் அச்சடித்திருக்கும் ‘100க்குள் நார்மல்’ அவர்களுக்கானது இல்லை. சதை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லி அளவையோ மாத்திரையையோ மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து என்னிடம் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் நிறைய.

ராத்தொழில், தூக்கமின்மை, காய்ச்சல், ஈறு வீக்கம்... இவற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 2019இல் எலிகளில் செய்த ஆய்வில், தூக்கத்தைத் துண்டு துண்டாக உடைத்தபோது எலும்பு மஜ்ஜை கூடுதலாக மோனோசைட்டுகளை உற்பத்தி செய்தது. தமனித் திட்டும் பெரிதானது. மனிதனுக்கு அப்படியே பொருத்த வேண்டாம், ஆனால் கரையில் இருக்கும் நாளிலாவது தூங்குங்கள். இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு ஆபத்து சுமார் 6 மடங்கு ஏறுகிறது என்று 2018இல் கனடாவில் இருந்து வந்த ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் அந்தத் தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது.

கடலில் இருக்கும்போது நெஞ்சு வலித்தால்?

‘கேஸ்’ என்று சோடா குடித்துப் படுக்காதீர்கள். என் தாய்மாமன் அப்படித்தான் இரண்டு மணி நேரத்தைக் கழித்தார். நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ இழுப்பு, குளிர்ந்த வியர்வை என்றால் வலையை விட்டுவிட்டுப் படகைத் திருப்புங்கள். அவரை உட்காரவையுங்கள், வேலை செய்ய விடாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை, அவருக்கென்று டாக்டர் எழுதித் தந்திருந்தால் மட்டும் கொடுங்கள். போனில் இலங்கை டவர் எடுக்கும் தூரத்தில் இருந்தால் வி.எச்.எஃப். கருவியில் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். நம் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554. கரையில் 108ஐ முன்கூட்டியே வரச்சொல்லி வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துங்கள். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் அடங்கிய முதல் டோஸை அங்கேயே தந்து அனுப்புகிறார்கள். படகிலேயே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதை அங்கே சொல்லிவிடுங்கள்.